பழுப்பு நூல்

நகை செய்கிற மணியும் நூலும் கேட்டு ஆன்லைனில் ஆர்டர் வந்தால் நான் முகவரியைக் கீழிருந்து மேலே படிப்பவன். முதலில் பின்கோடு, பிறகு ஊர், பிறகு தெரு, ஆள் கடைசியில். ஆள் யாராக இருந்தால் என்ன. எல்லோரும் ஒரே ஆள்தான். ஒரே நகப்பூச்சு, ஒரே அவசரம், நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து, கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்க, படத்தில் இருக்கிற பச்சை வேறு வந்திருக்கிற பச்சை வேறு, ஒரு மணி உடைந்திருக்கிறது. உடைந்த மணியைப் படம் பிடிக்க இவர்களுக்கு இருக்கிற பொறுமை கோப்பதற்கு இருந்திருந்தால் நாடு முன்னேறியிருக்கும். அதனால் கரூர் என்று படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தாந்தோணிமலை என்று படித்தபோது அந்தப் பக்கம் போகிற டவுன் பஸ்ஸின் டீசல் வாசனை மட்டும் வந்துவிட்டுப் போனது. திலகவதி இல்லம் என்று படித்தபோது விரல் நின்றது. அரசி என்று படித்து முடிக்கவும் மேல்வீட்டில் குக்கர் விசிலடித்தது. என் மனைவி என் கடையில் சாமான் வாங்கியிருக்கிறாள். ஆவணியில் அக்கா திலகவதி வீட்டுக்குப் போனவள், போனதிலிருந்து என் போனை எடுக்காதவள், வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து பேசி ஒரு முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்று அக்கா புருஷனை விட்டுச் சொல்ல வைத்தவள், இன்று காலை எனக்கு ஆர்டர் போட்டிருக்கிறாள். சிரிப்பு வந்தது. நேற்று ராத்திரி வரைக்கும் முறுக்கிக்கொண்டு இருந்தவள் இன்று இறங்கி வந்துவிட்டாள், நேராகக் கேட்க வாய் வரவில்லை, மணியும் நூலும் வாங்குகிற சாக்கில் வருகிறாள், அப்படித்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு ஹாலில், குழந்தைவேலு சகலையின் குஷன் நாற்காலியில், நான் எப்படி உட்கார வேண்டும் என்பதுவரை பார்த்துவிட்டேன். கால்மேல் கால் போட்டு. அவர் ஜமுக்காளக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோரையும் தறி ஓட்டுகிறவர்களைப் போலப் பார்ப்பவர், ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்க இல்லை தம்பி என்று போனில் சொன்னார், எனக்கு நாற்பத்தாறு வயது, என்னைத் தம்பி என்கிறார்.

அப்புறம்தான் அது நினைவுக்கு வந்தது. அவளுக்கு இது என் கடை என்று தெரியாது. தெரிய வழியே இல்லை. அவள் இருந்தவரைக்கும் கடைக்கு அரசி கிரியேஷன்ஸ் என்று பெயர், போன மறுவாரமே மாற்றிவிட்டேன், மிருதுளா பீட்ஸ் என்று. மிருதுளா என்று எனக்கு யாரையும் தெரியாது. பெண் பெயராக இருக்க வேண்டும், மிருதுவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆண் பெயர் போட்ட கடையில் இவர்கள் வாங்க மாட்டார்கள், ஆண் என்றால் கடைக்காரன், பெண் என்றால் கலைஞர். பேக்டரியில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் ஜிமிக்கிக் கூடு, சூரத்தில் சாயம் போட்ட நூல், எங்கேயோ கப்பலில் வந்த மணி, இதில் கை என்பது பசை தடவுகிற இடம் மட்டும்தான், அதற்குக் கைவினை என்று பெயர், நாங்கள் எல்லோரும் கடை போட்டிருக்கிற ஆன்லைன் சந்தையில் அதற்கென்று இலை போட்ட ஒரு சின்ன முத்திரையும் கொடுக்கிறார்கள். காய்ந்த ரோஜா இதழை இறைத்து அதன் நடுவில் கம்மலை வைத்துப் படம் எடுக்கிறார்கள். கம்மலுக்கும் ரோஜாவுக்கும் என்ன சம்பந்தம். மனசு நிம்மதிக்காகத்தான் செய்கிறேன் என்று எழுதுகிறார்கள், எழுதிய கையோடு தபால் செலவைக் குறைக்க முடியுமா சிஸ் என்று என்னிடம் கேட்கிறார்கள். சிஸ். ஏழு மாதமாக நான் சிஸ். முதல் தடவை படித்தபோது காது சூடானது, இப்போது ஒன்றுமில்லை, ஓகே சிஸ், அனுப்பியாச்சு சிஸ், கையே தட்டிவிடும். பார்சலில் ஒட்டுகிற சீட்டில்கூடக் கடைப் பெயரும் சந்தைக்காரர்களின் கிடங்கு முகவரியும்தான் வரும், என் வீடு வராது. ஆக, அவள் யாரோ ஒரு மிருதுளாவிடம் சாமான் கேட்டிருக்கிறாள். என்னிடம் இல்லை. இறங்கி வரவில்லை. கால்மேல் போட்ட காலை எடுத்துக் கீழே வைத்தேன், இங்கே உறையூரில், என் வீட்டில், யாரும் பார்க்காதபோது.

சரி, சாமானை எடுப்போம். லூர்து மதியம் வருவான், அந்தச் சந்தைக்காரர்களுக்குப் பார்சல் எடுக்கிறவன், வந்தால் நிற்க மாட்டான், வண்டியை அணைக்காமலே சார் சார் என்பான். சுவர் முழுக்க இழுப்பறை, ஒவ்வொன்றிலும் ஒரு மணி ஒட்டியிருக்கும், எழுத்து கிடையாது, எழுத்து எதற்கு. பேரிங் கடையில் பதினெட்டு வருஷம் நின்றவன் நான். ஒருவன் எண்ணெய்க் கையோடு ஒரு வளையத்தைக் கொண்டுவந்து கவுண்டரில் வைப்பான், என்ன வண்டி என்றுகூடச் சொல்ல மாட்டான், நான் சொல்லுவேன், எந்த மோட்டார், எந்தப் பக்கம், ஏன் தேய்ந்தது என்பதுவரை. சின்ன சாமானைப் பார்த்தால் அதைச் சுற்றி முழு மிஷினும் எனக்குத் தெரியும். இதைத் திறமை என்று உலகத்தில் எல்லோரும் சொல்வார்கள், அவள் மட்டும் வேறு என்னமோ சொன்னாள். சண்டைக்குக் காரணம் அவள் செய்த ஒரு ஜிமிக்கி. எல்லோரும் கூட்டின் வெளிப்புறம்தான் நூல் சுற்றுவார்கள், உள்ளே வெறும் பிளாஸ்டிக் பல்லிளிக்கும். அவள் உள்பக்கமும் சுற்றினாள், உள்ளே ஒரு சிவப்பு மணியைத் தொங்க விட்டாள், நேராக நின்றால் தெரியாது, தலையைத் திருப்பினால் ஒரு கணம் தெரியும். நன்றாகத்தான் இருந்தது. நான் இல்லை என்று சொல்லவில்லை. மாதம் முழுக்கக் கழுத்து வலிக்க அவள் பத்து ஜோடி செய்வாள், பத்தும் போகும், அதோடு சரி. நான் பிரித்துப் பார்த்தேன். கூடு இரண்டு, நூல் ஒன்று, சிவப்பு மணி இரண்டு, கம்பி, பசை, எப்படிச் சுற்ற வேண்டும் என்று படம் போட்ட ஒரு தாள். எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, நீங்களே செய்யலாம் என்று எழுதி விற்றேன். எங்கள் கடையில்தான் விற்றேன், அவள் பெயர் போட்ட கடையில்தான். கவர் கவராகப் போனது. பிறகு எல்லோரும் அதைச் செய்தார்கள், எல்லோரும் ரோஜா இதழில் வைத்தார்கள், அவளுடைய பத்து ஜோடி போகவில்லை, அவ்வளவுதான் நடந்தது. அதற்கு ஒருத்தி பெட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவாளா. கத்தவில்லை, அழவில்லை. மறுநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பாளா? மாட்டாள். பிறகு எதற்குக் கேட்பது. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் திரும்பத் திரும்ப இந்த இடத்துக்கே வருகிறேன், அந்தப் புளிக்குழம்பு, அவள் கரண்டியைக் கீழே வைத்த விதம், சத்தம் வராமல் வைத்தாள்.

மேஜைமேல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். பழுப்பு நிற சில்க் நூல் ஒரு பெட்டி, காப்பிப்பொடிப் பழுப்பு. வர்ணம் பூசாத மர மணி. வெள்ளைச் சர்க்கரை மணி. மணி கோக்கிற நைலான் நரம்பு. கம்மல் தண்டில் மாட்டுகிற சின்ன ரப்பர், அதில் நாலு பாக்கெட். பிளாஸ்டிக் வளையல். ஜிமிக்கிக் கூடு பெரியதும் சின்னதும். எல்லாம் கணிசமாக. வேடிக்கைக்கு வாங்குகிற அளவு இல்லை, வியாபாரத்துக்கு வாங்குகிற அளவு. அதுதான் முதலில் உறுத்தியது. அக்கா வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, அந்தத் தகரக் கூரைச் சூட்டில், இவ்வளவு சாமானுக்கு வேலை வைத்திருக்கிறாள் என்றால் வாங்க ஆள் இருக்கிறது. என்ன செய்கிறாள்? பார்த்ததும் தெரிய வேண்டும் எனக்கு. தெரியவில்லை. பழுப்பு நூலை யாரும் நகைக்கு வாங்க மாட்டார்கள், என்னிடம் அது வருஷக்கணக்காகத் தூங்குகிறது. வளையலுக்குச் சுற்றப் போகிறாள் என்று வைத்தால் மர மணி எதற்கு, வளையலில் மணி நிற்காது, உருளும். ஜிமிக்கி என்று வைத்தால் நரம்பு எதற்கு. வளையல் மூன்று அளவில் கலந்து கேட்டிருக்கிறாள், குழந்தைக்கு ஒன்று, பெரியவளுக்கு ஒன்று, குண்டானவளுக்கு ஒன்று, ஒரு செட்டாக விற்க முடியாது. அளவு தெரியாதவளா அவள். கண்ணால் பார்த்தே மணிக்கட்டு அளவு சொல்கிறவள். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், மாற்றி வைத்துப் பார்க்கிறேன். முதுகில் வியர்வை ஒழுகுகிறது, மின்விசிறியைப் போட்டால் நூல் பறக்கும். கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடித்து, ஒன்று செய்து, ஞாயிற்றுக்கிழமை சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். குழந்தைவேலு தொண்டையைச் செருமி ஆரம்பிப்பார், திலகவதி அண்ணி காப்பி வைப்பார், இவள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், அப்போது எடுத்து மேஜைமேல் வைக்க வேண்டும். இதுதானே? அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. என்னை விட்டுவிட்டு எங்கே போனாலும் நீ என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டால் பிறகு என்ன முடிவு பண்ண இருக்கிறது. மறைக்க முடியாத ஆளிடமிருந்து எப்படிப் பிரிவது. ஒரு கணம் இது எனக்கே நல்ல யோசனையாகத் தோன்றவில்லை. அடுத்த கணம் தோன்றியது.

போன் ஒருமுறை நடுங்கியது. அந்தச் சந்தையின் உள்ளேயே வாங்குபவர் விற்பவருக்கு எழுத ஒரு பெட்டி உண்டு. அதில் அவள். வணக்கம் சிஸ், ஆர்டர் போட்டிருக்கேன், அந்தப் பழுப்பு நூல் எல்லாம் ஒரே சாயத்துல வருமா, கண்டுக்குக் கண்டு கலர் மாறினா கஷ்டம். என்னிடம் அவள் பேசி ஏழு மாதம். வணக்கம் சொல்லி ஏழு வருஷம் இருக்கும். எழுத்தில் அவள் குரல் கேட்டது, கஷ்டம் என்பதைக் கஸ்டம் என்பாள், அதை நான் திருத்துவேன். ஒரே சாயம்தான் சிஸ், நான் பார்த்து எடுக்கிறேன் என்று எழுதினேன். கை தயங்கவே இல்லை, எனக்கே ஆச்சரியம். ரொம்ப தேங்க்ஸ் சிஸ். பழுப்புதான் விஷயம் என்று அப்போதே பிடித்துக்கொண்டேன். பழுப்பைப் பற்றிக் கவலைப்படுகிறாள், வளையலைப் பற்றிக் கேட்கவில்லை, கூட்டைப் பற்றிக் கேட்கவில்லை. பேரிங் கடையிலும் அப்படித்தான், எந்த சாமானைப் பற்றிக் கேள்வி கேட்கிறானோ அதுதான் போயிருக்கும். என்ன செய்யப் போறீங்க சிஸ், இந்தக் கலர் யாருமே வாங்க மாட்டாங்க என்று எழுதினேன். எழுதுகிறாள் என்று மூன்று புள்ளிகள் வந்தன, நின்றன, மறுபடி வந்தன. கோச்சுக்காதீங்க சிஸ், மாடலை மட்டும் யார்கிட்டயும் சொல்றதில்லை, ஒரு தடவை பட்டாச்சு. நான் மிருதுளா. எனக்கு என்ன கோபம். வீட்டில் ஹெல்ப்புக்கு ஆள் இருக்காங்களா சிஸ், இவ்வளவு சாமானையும் தனியாவா செய்வீங்க, உங்க வீட்டுக்காரர் ஏதாவது பண்ணித் தருவாரா என்று கேட்டேன். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கேட்கிற கேள்விதானே, தினமும் இவர்கள் என்னிடம் கேட்பதுதானே. புள்ளிகள் வரவில்லை. நான் கடுகளவு சர்க்கரை மணி ஒன்றை விரலுக்கும் விரலுக்கும் நடுவில் உருட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு வந்தது.

அவர் ஹெல்ப் பண்ணுவார் சிஸ். அதான் பயம்.

இது என்ன பதில். இதில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம், குடிகாரன் என்று பொய் சொல்லியிருந்தால்கூட ஞாயிற்றுக்கிழமை அதைப் பிடித்துக்கொள்ளலாம். யாரென்றே தெரியாத ஒருத்தியிடம், மணி விற்கிற ஒருத்தியிடம், ஒரு வரியில் என்னைச் சொல்லி முடித்துவிட்டாள். இந்த மாதிரிப் பேசத்தான் இவர்கள் எல்லோரும் காத்திருக்கிறார்கள், ஒரு மணி வாங்கினால் ஒரு சோகம் இலவசம். அவளும் அப்படி ஆகிவிட்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன், கண்ணை அழுத்தினேன், திரும்ப எடுத்தபோது நைலான் நரம்பு ஒன்று கண்ணாடியின் காதுக்கம்பியில் சிக்கிக்கொண்டு கூடவே வந்தது. ஊசியில் நூல் கோக்க அவள் என் கண்ணாடியைத்தான் கேட்பாள். எனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்பாள், வாங்க மாட்டாள், என் மூக்கிலிருந்தே கழற்றிக்கொண்டு போவாள், அதன் சூடு ஆறாமல் போட்டுக்கொள்வாள், நான் குருடனைப் போல உட்கார்ந்திருப்பேன், பிறகு எங்கேயாவது வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவாள். நரம்பை எடுக்கப் போனவன் நின்றேன். ரப்பர். கம்மல் ரப்பரின் ஓட்டையில் நரம்பை மடித்து விட்டால் ஒரு கண்ணி வரும். கண்ணியைக் கண்ணாடிக் கம்பியில் மாட்டி ரப்பரைத் தள்ளினால் இறுகும். மர மணியில் பழுப்பு நூலைச் சுற்றினால் முடியோடு முடியாகக் கழுத்தில் தெரியாது, நடுநடுவே ஒரு வெள்ளைச் சர்க்கரை மணி. கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிடுகிற கயிறு. டீச்சர்கள், பேங்கில் இருப்பவர்கள், நாற்பது தாண்டிய அத்தனை பேரும். வளையலும் கூடும் சும்மா, கண்ணை மறைக்க. அடிப்பாவி. என்னை மாதிரி ஒருவன் பார்ப்பான் என்று தெரிந்தே வேண்டாததையும் சேர்த்து வாங்கியிருக்கிறாள். சத்தமாகவே சிரித்துவிட்டேன், மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

அவளுக்குரிய சாமானை அப்படியே வைத்துவிட்டு என் இழுப்பறையிலிருந்து எடுத்தேன். மணியில் நூல் சுற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், ஓட்டைக்குள் விட்டு வெளியே எடுத்து மறுபடி ஓட்டைக்குள். முதல் மணியில் நூல் விலகி மரம் தெரிந்தது. பிரித்து மறுபடி சுற்றினேன். இரண்டாவது பரவாயில்லை. விரல் தடித்திருக்கிறது எனக்கு, பேரிங் பிடித்த விரல், நூல் ரேகையில் மாட்டுகிறது. மூன்றாவதில் வேகம் வந்தது, பிறகு எத்தனை சுற்றினேன் என்று தெரியவில்லை, கொஞ்ச நேரம் எதையும் நினைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. குழந்தைவேலுவை நினைக்கவில்லை, அதான் பயம் என்பதை நினைக்கவில்லை, இந்தப் பெண்களைக்கூட நினைக்கவில்லை. கோத்து முடித்து மாட்டிக் கண்ணாடியை நெஞ்சில் தொங்கவிட்டபோது கழுத்தில் மரத்தின் லேசான உரசல். நல்ல மாடல். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். உடனே கவர் தெரிந்தது, கவரின்மேல் எழுத்து தெரிந்தது, படம் போட்ட தாள் தெரிந்தது, நான் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது. அதை ஒதுக்கி வைத்தேன். ஞாயிறு வரைக்கும் ஒதுக்கி வைத்தேன்.

லூர்து இன்று வண்டியை அணைத்துவிட்டு மேலே வந்தான், தண்ணீர் வேண்டுமாம். குடித்துக்கொண்டே என் கழுத்தைப் பார்த்தான். என்ன சார் இது புதுசா இருக்கு, எங்க வீட்டுல கண்ணாடியை ஃப்ரிட்ஜ் மேல வெச்சிட்டு என்னைத் திட்டுது, அதுக்கு ஒன்னு கோத்துக் குடுத்துடலாம் என்றான், சொல்லிக்கொண்டே போனை எடுத்து ஒரு படம் எடுத்துவிட்டான். நான் அழிக்கச் சொன்னேன். சிரித்தான். மறுபடி சொன்னேன். இந்தப் படம் வெளியே போனால் என்ன ஆகும் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது, இது ஒருத்தியுடையது, அவளே இன்னும் விற்பனைக்கு வைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது, அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று அவன் கேட்க மாட்டான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. அழித்துவிட்டேன் என்று காட்டினான். அழித்த படம் கிடக்கிற இடம் ஒன்று இருக்கும், அங்கேயும் போய் அழி என்றேன். அவன் என்னைப் பார்த்தான். இத்தனை வருஷம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று நான் மற்றவர்களைப் பார்த்த பார்வை அது, எனக்குத் தெரியாதா.

"ஒரு கயித்துக்கா சார் இவ்வளவு" என்றான்.

அழித்தான். பார்சலை ஸ்கேன் பண்ணினான். பார்த்து எடுத்த ஒரே சாயத்துக் கண்டுகள், மணி, வளையல், எல்லாம் அவன் கோணிப்பைக்குள் போயின. அவன் இறங்கிப் போனதும் நான் செய்த முதல் வேலை, கடையில் பழுப்பு நூலை இருப்பில் இல்லை என்று மாற்றியது. மர மணியையும். இனி எவளும் வாங்க முடியாது. உலகத்தில் வேறு இடத்தில் பழுப்பு இருக்கலாம், இந்தச் சாயம் இல்லை, அவளுக்கு இந்தச் சாயம்தான் வேண்டும், இது இனி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. இரண்டு பெட்டி. அவளுக்காக எடுத்து வைக்கிறேன். இதை நல்ல காரியம் என்று யாரும் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் என்னிடம்தான் வர வேண்டும் என்பதும் உண்மைதான், ஒரு காரியத்தில் இரண்டும் இருக்கக்கூடாதா. ஞாயிற்றுக்கிழமை கயிற்றை மேஜைமேல் வைப்பதா, இல்லை, வைக்காமல் மிருதுளாவாகவே இருந்துகொண்டு வருஷம் முழுக்க அவளுக்கு நூல் அனுப்புவதா, எது மேல் என்று தெரியவில்லை. வைத்தால் ஒரு நிமிஷம் ஜெயிக்கலாம். வைக்காவிட்டால் அவள் வணக்கம் சிஸ் என்பாள். எழுதினேன். பார்சல் போயாச்சு சிஸ், அந்தப் பழுப்பு இனிமே வராது, மிச்சம் ரெண்டு பெட்டி இருக்கு, வேற யாருக்கும் குடுக்காம உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன். அனுப்பிவிட்டு எழுந்து போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்தேன், ரசம் புளித்திருந்தது, நின்றுகொண்டே சாப்பிட்டேன். பதில் வந்திருந்தது. நீளமாக. இடது கையால் தள்ளித் தள்ளிப் படித்தேன்.

"ஐயோ எடுத்து வைக்காதீங்க சிஸ், உங்களுக்கு நஷ்டம். பழுப்பு என் மாடலுக்கு இல்லவே இல்லை. எனக்கு எது வேண்டாமோ அதைப் பத்தித்தான் கடைக்காரங்ககிட்ட விசாரிப்பேன், அப்பதான் எது வேணும்னு அவங்களுக்குத் தெரியாது. பழக்கமாயிடுச்சு. நீங்க நல்லவங்களா இருக்கீங்க, அதான் மனசு கேக்கலை. பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்க."

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்க ஒன்றும் இருந்ததில்லை என்பது வேறு விஷயம். மிருதுளாவிடம் கேட்டுவிட்டாள். பழுப்பு இல்லை. அப்படியானால் மர மணி? ரப்பரும் இல்லையா, நரம்பும் இல்லையா, வளையல்தானா, மூன்று அளவு வளையல் ஒன்றுக்குள் ஒன்று போகும், அதில் என்ன, கூட்டின் வாய்க்குச் சின்ன வளையல் பொருந்துமா, ஒன்றும் தெரியவில்லை, எதைச் சுற்றியும் மிஷின் வரவில்லை. ரசக் கையைக் கழுவிவிட்டு வந்தேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், என் கழுத்தில் கிடப்பது அவள் செய்கிறது இல்லை. அவளுக்கு இப்படி ஒன்று தோன்றவே இல்லை. தோன்றியது எனக்குத்தான். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், வாடிக்கையாளர் பார்க்கிற மாதிரி, குறை சொல்லவென்றே பார்க்கிற மாதிரி. மணிகள் ஒரே அளவில் இல்லை. முதல் மணியில் மரம் இன்னும் தெரிகிறது. முடிச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, பசை வழிந்து காய்ந்திருக்கிறது. எந்தச் சாமான் எங்கே வாங்கியது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும், ஆனாலும் இதை எதற்குக் கொண்டுபோவது, யாரிடம் கொண்டுபோய் வைப்பது, வைத்து என்ன சொல்வது. ஞாயிற்றுக்கிழமைக்கு என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.